அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை

நவம்பர் 3, திங்கள்

போன வருடத்துச் சமூக அறிவியல் நோட்டில் பின்பக்கம் நாற்பது தாள் காலியாகக் கிடந்தது. இன்று முதல் அது என் நாட்குறிப்பு. கோகிலவாணி ஆகிய நான், பதினொன்றாம் வகுப்பு 'சி' பிரிவு, மாவட்டப் போட்டிக்குத் தேர்வாகிவிட்டேன். பிற்காலத்தில் யாராவது என் வாழ்க்கை வரலாற்றை எழுத வந்தால் சிரமப்படக் கூடாது அல்லவா?

போட்டியின் பெயர் மாதிரி நீதிமன்றம். இருபத்தாறாம் தேதி, அரசியலமைப்பு நாளன்று, திருப்பூரில். பள்ளிக்கு இரண்டு பேர். உச்ச நீதிமன்றத்தின் பெயர்பெற்ற தீர்ப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, அந்த வழக்கு இன்றுதான் நடப்பதுபோல ஒருவர் மனுதாரருக்கும் ஒருவர் அரசுக்கும் வாதாட வேண்டும். அரசியல் அறிவியல் எடுக்கும் ரேணுகா மிஸ் ஐந்து வழக்குகளைச் சீட்டில் எழுதி டிபன் டப்பாவில் போட்டுக் குலுக்கினார். என் ஜோடி நவநீதன், எப்போதும் முதல் ரேங்க், சட்டைப் பையில் மூன்று பேனா. கேசவானந்த பாரதி வழக்கு வர வேண்டும் என்று கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுச் சீட்டை எடுத்தான். பதின்மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து கேட்ட வழக்காம். வந்தது மேனகா காந்தி வழக்கு. ஏழு நீதிபதிகள். "ஆறு பேரு கொறஞ்சுட்டாங்களே," என்று முகம் வாடிவிட்டான்.

மனுதாரர் பக்கம் நான். அரசுப் பக்கம் அவன்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, தைத்த துணியில் பழுது பார்ப்பது. நாளைக்கு அந்த வரிசையில் நிற்கும் இருபத்திரண்டு பேருக்கும் செய்தி போய்விடும்.

நவம்பர் 4, செவ்வாய்

எட்டு நாள் கழித்துக் குழாயில் தண்ணீர் வந்தது. காலையில் மூன்று டிரம், ஒரு தொட்டி, வீட்டிலிருக்கும் அத்தனை குடம், கடைசியில் குக்கர் வரை நிரப்பினேன்.

மத்தியானம் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் வளர்மதியோடு சாப்பிட்டேன். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். எங்கள் பள்ளி கோ-கோ அணிக்கு அவள்தான் கேப்டன். மைதானத்தில் கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை எப்போதும் கட்டியே இருக்கும். இன்று இருவரும் விக்கல் வரும்வரை சிரித்தோம். எதற்கு என்று எழுதத் தேவையில்லை.

நவம்பர் 5, புதன்

வழக்கைப் படித்து முடித்தேன். கதை சின்னதுதான். 1977இல் மேனகா காந்திக்குப் பாஸ்போர்ட் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வருகிறது: உங்கள் பாஸ்போர்ட்டை ஏழு நாளுக்குள் ஒப்படையுங்கள். ஏன் என்று கேட்கிறார். பொதுநலன் கருதிக் காரணத்தைச் சொல்ல முடியாது என்று பதில் வருகிறது. அவ்வளவுதான். நேராக உச்ச நீதிமன்றம்.

அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு, சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் யாருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது. 1950இல் கோபாலன் வழக்கில், சட்டத்தில் ஒரு நடைமுறை இருந்தால் போதும் என்கிற மாதிரி தீர்ப்பு வந்திருந்தது. 1978இல்தான் இந்த ஏழு பேர், வெறும் நடைமுறை போதாது, அது நியாயமாக இருக்க வேண்டும் என்றார்கள். ஒருவரைப் பாதிக்கிற முடிவை எடுக்கும்போது அவர் பக்கத்தையும் கேட்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இந்தத் தீர்ப்பு இன்னும் அமலுக்கு வரவில்லை. பால் பொங்கியதற்கு என்னைக் கேட்காமலே தலையில் குட்டு.

நவம்பர் 6, வியாழன்

பள்ளியே அல்லோலகல்லோலம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் செவ்வாய்க்கிழமை ஒரு ஆடியோ வந்ததாம். எங்கள் தலைமையாசிரியை சாரதாமணி மேடத்தின் குரலில் யாரோ பிரேயர் பேச்சு பேசியிருக்கிறார்கள். என்னிடம் போன் கிடையாது, கேள்விப்பட்டதைத்தான் எழுதுகிறேன். "ம்ஹும். மாணவச் செல்வங்களே! ம்ஹும். ஷூ லேஸ் கட்டாத சமுதாயம் எங்கே ஓடும்? ஓடினாலும் எங்கே போய் விழும்?" இந்த இடத்தில் ஒரு சின்ன இருமல். பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிற அளவுக்கு ஒரு இடைவெளி. "என் காலடியில்தான் வந்து விழும்!"

பொதுவாகப் பார்த்தால், நல்ல மிமிக்ரிதான்.

நேற்று ராத்திரியே அது பெற்றோர் குழு, ஆசிரியர் குழு எல்லாம் சுற்றிவிட்டது. அனுப்பிய எண் வளர்மதியுடையது. காலைப் பிரேயரிலேயே மேடம் அவளைக் கூப்பிட்டு நிறுத்தி, "நாளையில இருந்து நீ வர வேண்டியதில்ல. நான் சொல்லும்போது வந்தாப் போதும்," என்று சொல்லிவிட்டார். கோ-கோ அணியிலிருந்தும் நீக்கம். வளர்மதி வாயே திறக்கவில்லை. வரிசையைத் தாண்டிப் போகும்போது என்னைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். என் ஷூ லேஸ் அவிழ்ந்திருந்தது, குனிந்து கட்டிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 7, வெள்ளி

மாவு ஆட்டினேன். வேறு ஒன்றும் இல்லை.

நவம்பர் 10, திங்கள்

பெஞ்சில் தனியாக உட்கார்ந்தால் இடம் தாராளமாக இருக்கிறது.

நான்கு மணிக்கு நூலகத்தில் பயிற்சி. நவநீதன் அரசு வக்கீலாக மாறினால் குரலே தடித்துவிடுகிறது. "கனம் நீதிபதி அவர்களே, நாட்டை நடத்துபவர்களுக்கு ஆயிரம் வேலை. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, அம்மா உன் தரப்பு என்ன, ஐயா உன் தரப்பு என்ன என்று கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?"

நான் எழுந்தேன். கேட்டிருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்பது கேட்காதவருக்கு எப்படித் தெரியும் என்று ஆரம்பித்தேன். நல்ல வரிதான், நானே எழுதியது. பாதியில் மறந்துபோனது.

"உனக்கு மறக்காதே," என்றான் நவநீதன். "ஒடம்புக்கு ஏதாச்சுமா?"

சளி என்றேன்.

நவம்பர் 12, புதன்

கோ-கோ பி.டி. சார், வளர்மதி இல்லாமல் அணியை ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். வருகிற இருபத்தோராம் தேதி கோயம்புத்தூரில் மண்டலப் போட்டி. அதில் நன்றாக ஆடினால் வளர்மதிக்கு விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கும் என்று அவர்தான் அவள் அப்பாவிடம் ஆறு மாதமாகச் சொல்லிவந்தார்.

இதை நான் எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. என் பேச்சில் இன்னும் இரண்டு நிமிடத்தைக் குறைக்க வேண்டும்.

நவம்பர் 13, வியாழன்

வளர்மதி வீட்டுக்குப் போனேன், கணக்குப்பதிவியல் நோட்டு கொடுக்கிற சாக்கில். அவள் வீட்டில் இல்லை. அவள் அப்பா ஓட்டும் தறி ஷெட்டில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். எட்டுத் தறி ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. வெளியே வந்தோம். தலைமுடியெல்லாம் பஞ்சு.

"எப்பிடி இருக்கே?"

"நல்லாத்தான் இருக்கறேன். நூல் சுத்தறேன்."

"அப்பா அடிச்சாரா?"

"அடிச்சாத்தான் பரவால்லையே. பேசவே மாட்டேங்கறாரு. போன புடுங்கி பீரோவுல வெச்சுப் பூட்டிட்டாரு. அவருக்கு அந்த ஆடியோவப் போட்டுக் காட்டுன புண்ணியவான் யாரோ." தலையிலிருந்த பஞ்சைத் தட்டினாள். "அவரு கேட்டுட்டு என்ன கேட்டாருன்னு தெரியுமா? ஏம்புள்ளைக்கு இப்பிடியெல்லாம் பேச வருமான்னு கேட்டாரு. எங்கப்பனுக்கே சந்தேகம் வந்துருச்சு. அந்த மேடத்துக்கு வரல."

"நீ சொல்லியிருக்கலாமில்ல வளரு?"

"என்னன்னு?"

நான் நோட்டை நீட்டினேன்.

"நீ போட்டிக்குப் படி," என்று உள்ளே போய்விட்டாள். நோட்டை வாங்கிக்கொள்ளவில்லை.

சரி, எழுதிவிடுகிறேன். அந்தக் குரல் என்னுடையது. சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால், அவள் போனில், நான் பேசியது. வீட்டிலும் பள்ளியிலும் இது மூன்றாவது நபருக்குத் தெரியாது. இந்த நோட்டு அந்த மூன்றாவது நபராக ஆகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சமூக அறிவியல் என்று அட்டையில் எழுதியிருப்பது நல்லதாகப் போயிற்று. யாரும் திறக்க மாட்டார்கள்.

நவம்பர் 15, சனி

அம்மா எனக்குப் போட்டிக்குப் போட வெள்ளைச் சுடிதாரும் மேலே போட ஒரு கறுப்பு கோட்டும் தைத்துவிட்டார். கம்பெனியில் யாரோ கொடுத்த துணி. போட்டுப் பார்த்தேன். நிஜமாகவே வக்கீல் மாதிரி இருந்தேன். அம்மா கண்ணாடியில் என் பின்னால் நின்று, "என்ற கண்ணே பட்டுரும்," என்றார்.

உடனே கழற்றிவிட்டேன். புழுக்கம்.

நவம்பர் 17, திங்கள்

ரேணுகா மிஸ் முன்னால் முழு ஒத்திகை. இன்று எனக்கு எதுவும் மறக்கவில்லை. எழுதி வைக்காததெல்லாம் வந்தது. "அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்கும். அந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடிக்க ஒருவருடைய கதவைச் சாத்தினார்கள்," என்று சொன்னபோது மிஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். முடிந்ததும், "கோகிலா, இத அப்படியே அங்க பேசு. பரிசு நமக்குத்தான்," என்றார்.

மிஸ் போன பிறகு நவநீதன் பேனாக்களை ஒவ்வொன்றாகப் பையில் சொருகினான்.

"அந்த ஆடியோவ எங்க மாமா போன்ல நான் பத்து தடவ கேட்டேன்," என்றான். "'என் காலடியில்தான்'னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு மூச்சு வருது. நீ வாதத்துலயும் அதே மாதிரிதான் மூச்சு விடறே."

"யார்கிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்ல. சொன்னா நீ போட்டிக்கு வர முடியாது. நீ வரலைன்னா நான் ஜெயிக்க முடியாது." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நான் நல்லவன்னு நெனச்சுக்காதே."

"நானும் நல்லவ இல்ல," என்றேன். அவ்வளவுதான் பேசினோம். ஆனால் பதினொரு நாள் கழித்து இன்றைக்குத்தான் மூச்சு கொஞ்சம் சீராக வந்தது போலிருந்தது.

நவம்பர் 18, செவ்வாய்

ஒரு வழி கண்டுபிடித்தேன். நான் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். வளர்மதியை விசாரிக்கச் சொல்லி மனு கொடுத்தால் போதும். விசாரித்தாலே அவள் குரல் இல்லை என்று தெரிந்துவிடும். அவள் அணியில் சேர்ந்துவிடுவாள். நான் போட்டிக்குப் போய்விடுவேன். எல்லோருக்கும் நல்லது.

முழு வெள்ளைத் தாளில் எழுதினேன். நவநீதன் இரண்டு பிழை திருத்தினான், கையெழுத்தும் போட்டான். இடைவேளையில் மேடத்தின் அறைக்குப் போனேன்.

மேடம் நின்றுகொண்டே படித்தார். "ம்ஹும். இதென்ன, எனக்கே பாடமா?"

"இல்லீங்க மேடம். அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டா நல்லாருக்கும்னு..."

"எந்த நம்பர்ல இருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். அப்புறம் என்ன கேக்கறது?"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனாலும் வாய் பழகிவிட்டிருந்தது. "நம்பர் யாருதுன்னு தெரியுதுங்க மேடம். குரல் யாருதுன்னு தெரியாதில்லீங்களா?"

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "நாளைக்குப் பத்து மணிக்கு அவங்கப்பாவோட வரச் சொல்லு. நீயும் வா. மனு குடுத்தவ நீதானே?"

அதை நான் யோசித்திருக்கவில்லை.

நவம்பர் 19, புதன்

மேடத்தின் அறை. மேடம், ரேணுகா மிஸ், வளர்மதி, வேட்டியும் இஸ்திரி போட்ட சட்டையுமாக அவள் அப்பா, கதவோரம் நான்.

"நீ பண்ணுனியா?" என்றார் மேடம்.

"போன் என்னுதுங்க மேடம்."

"அதக் கேக்கல. பேசுனது நீயா?"

வளர்மதி தரையைப் பார்த்தாள்.

"சரி. எங்க, இப்பப் பேசிக் காட்டு."

"மேடம்?"

"பேசு. ஷூ லேஸ் கட்டாத சமுதாயம். பேசு."

வளர்மதி தொண்டையைச் செருமினாள். மைதானக் குரலில், பாத்திரக் கடையில் தட்டு விழுவது மாதிரி, "மாணவச் செல்வங்களே" என்று ஆரம்பித்தாள். இரண்டாவது சொல்லிலேயே கீச்சென்று உடைந்தது. அவள் அப்பாவே சிரிப்பை அடக்க மேல்துண்டால் வாயை மூடிக்கொண்டார். ரேணுகா மிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

மேடம் மட்டும் சிரிக்கவில்லை. "இது நானில்ல," என்றார் மெதுவாக. அவர் முகத்தில் அப்போது வந்தது கோபமில்லை. பதிமூன்று நாளுக்கு முன்பே இதைக் கேட்டிருக்கலாமே என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "அப்ப யாரு?"

வளர்மதி என் பக்கம் திரும்பவே இல்லை.

"பேரச் சொல்லு. இப்பவே வகுப்புக்குப் போ. சொல்லலைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"வேண்டாங்க மேடம். நான் நூலே சுத்திக்கறேன்."

அவள் அப்பா, "சொல்லு சாமி," என்றார். பதிமூன்று நாளில் அவளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்று பிறகு தெரிந்தது. அவள் தலையை ஆட்டினாள்.

நான் நன்றாகப் பேசத் தயாராக வந்திருந்தேன். இயற்கை நீதி, நியாயமான நடைமுறை, எல்லாம் மனப்பாடம். வாயைத் திறந்ததும் அதில் ஒன்றும் வரவில்லை. "ம்ஹும்," என்று வந்தது. "மாணவச் செல்வங்களே! ம்ஹும். ஷூ லேஸ் கட்டாத சமுதாயம் எங்கே ஓடும்?"

ரேணுகா மிஸ் திரும்பி என்னைப் பார்த்தார். பரிசு நமக்குத்தான் என்று சொன்ன முகம். அதைப் பார்க்க முடியவில்லை.

"அனுப்புனதும் நான்தானுங்க மேடம்," என்றேன். இதை இந்த நோட்டில்கூட நான் எழுதவில்லை. "அவ வேண்டாம்னுதான் சொன்னா. எல்லாரும் சிரிக்கட்டும்னு நான்தான் போன வாங்கி அமுக்குனேன்."

மேடம் உட்கார்ந்தார். வளர்மதிக்கு: வகுப்புக்கும் அணிக்கும் இன்றே திரும்பலாம், போன் மட்டும் அப்பாவிடமே இருக்கட்டும். பிறகு என் பக்கம் திரும்பி, ஒரு வரி எழுதியவர் நிறுத்தி, "நீ ஏதாச்சும் சொல்லோணுமா? உன்னையும் கேக்கோணுமில்ல?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க மேடம். பயந்துட்டேன். அவ்ளோதான்."

ஒரு வாரம். நாளையிலிருந்து இருபத்தாறு வரை. காரணத்தோடு எழுதி, தேதி போட்டு, முத்திரை வைத்துக் கையில் கொடுத்தார். எங்கள் பள்ளியில் ஒருவரை நிறுத்தும்போது காரணத்தை எழுதிக் கொடுத்தது இதுதான் முதல் தடவை என்று கிளார்க் அண்ணா சொன்னார். என் பெயரில் ஒரு சாதனை.

வெளியே வந்ததும் வளர்மதியைப் பார்த்தேன். அவள் மைதானத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 20, வியாழன்

அம்மா உத்தரவைப் படித்தார். மடித்தார். கறுப்பு கோட்டைக் கவரில் போட்டுப் பரணில் வைத்தார். குட்டு விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்து, "அந்தப் புள்ள அத்தன நாளு தறியிலயா இருந்துச்சு?" என்றார். ஆமாம் என்றேன்.

நவம்பர் 21, வெள்ளி

துணி துவைத்தேன். பரண் துடைத்தேன். துடைக்க வேண்டிய அவசியமில்லாத இடங்களையும் துடைத்தேன். கோயம்புத்தூரில் என்ன நடந்தது என்று கேட்க எனக்கு ஆளில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

மளிகைக் கடையில் பி.டி. சாரைப் பார்த்தேன். நான் கேட்காமலே சொன்னார்: அரையிறுதியில் தோற்றுவிட்டோம். பதிமூன்று நாள் பயிற்சி இல்லாத வளர்மதியின் கால் கடைசி நிமிடத்தில் பிடித்துக்கொண்டதாம். ஆனால் விடுதித் தேர்வாளர் அவள் பெயரைக் குறித்துக்கொண்டு போயிருக்கிறார். கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும்.

உளுந்து வாங்க வந்தவள் துவரம்பருப்போடு வீட்டுக்கு வந்தேன்.

நவம்பர் 26, புதன்

போட்டி நாள். இன்று பார்த்துக் குழாயில் தண்ணீர் வேறு. நவநீதன் ராத்திரி அம்மா போனுக்கு அழைத்தான். எனக்குப் பதில் பன்னிரண்டாம் வகுப்பு தன்யஸ்ரீ அக்கா பேசினாராம். மூன்றாம் இடம்.

"நடுவரு ஒரு கேள்வி கேட்டாரு," என்றான். "அந்தத் தீர்ப்பு வந்த ஒடனே பாஸ்போர்ட்ட கையில குடுத்துட்டாங்களான்னு. யாருக்கும் தெரீல. எனக்குத் தெரிஞ்சுது. இல்லைன்னேன். அரசாங்கம் அவங்க தரப்பக் கேக்கறோம்னு ஒத்துக்கிச்சு, அதோட சரி. கேக்க வெச்சதுதான் அந்தத் தீர்ப்புன்னு சொன்னேன். கை தட்டுனாங்க."

"நல்ல பதிலு."

"நீ இருந்திருந்தா மொதலிடம்," என்றான். பிறகு, "பரவால்ல," என்றான். அவன் அப்படிச் சொன்னது எனக்கு மூன்றாம் இடத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

நவம்பர் 27, வியாழன்

பள்ளிக்குப் போனேன். பிரேயரில் மேடம் "ம்ஹும்" என்று ஆரம்பித்ததும் எழுநூறு தலை என் பக்கம் திரும்பியது. மேடமும் பார்த்தார். உதட்டோரம் ஏதோ துடித்தது. சிரிப்பு என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

வளர்மதி எங்கள் பெஞ்சில்தான் உட்கார்ந்தாள். ஆனால் அந்தக் கோடியில். நான்கு பீரியட் ஒரு வார்த்தை இல்லை. மத்தியானம் நான் டிபனை எடுத்துக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய்த் தனியாக உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் வந்து எதிரே நின்றாள்.

"பதிமூணு நாளு," என்றாள், அந்தக் கட்டிய தொண்டையில். "ஏண்டி?"

மன்னிப்புக் கேட்டேன்.

"அது அப்புறம். ஏன்னு சொல்லு. நான் கேக்கறேன்."

சொன்னேன். கறுப்பு கோட்டு, அம்மாவின் வரிசையிலிருக்கும் இருபத்திரண்டு பேர், பிரேயரில் குனிந்து கட்டிய லேஸ் (அது அவிழவே இல்லை), நவநீதனுக்குத் தெரிந்த அன்று வந்த பயம், யாராவது கண்டுபிடித்துவிட மாட்டார்களா என்று வந்த ஆசை, எல்லாவற்றையும். நடுவில் அழுதேன். அவள் குறுக்கே பேசவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. நின்றபடியே கடைசி வரை கேட்டாள். சாப்பாட்டு இடைவேளை முழுவதும் போய்விட்டது. இரண்டு டிபனும் திறக்கப்படவில்லை.

மணி அடித்தது.

"கேட்டுக்கிட்டேன்," என்றாள். "யோசிச்சுச் சொல்றேன்."

"எத்தன நாளு வேணும்னாலும் எடுத்துக்க."

அவள் வகுப்பை நோக்கி நாலடி நடந்து, நின்று, திரும்பிப் பார்த்தாள்.

"பதிமூணு," என்றாள்.